டர்போவுக்குள் இருந்த துணி

டர்போ வைத்த கார் இன்ஜினை முதன்முதலாகப் பிரித்த ஸ்பானர், மூன்று மாதம் பாடுபட்டு அதை மறுபடி மாட்டி முடித்தது.

"ஒரு போல்ட்கூட மிச்சமில்லை, பார்த்தியா?" என்று ஸ்க்ரூடிரைவரிடம் பெருமையடித்தது.

"அது சரிண்ணே, துடைக்கிற பனியன் துணி எங்கே?"

டர்போவுக்குள்ளிருந்து பதில் வந்தது. "இங்கேதான் இருக்கேன். தூசி போகாம டர்போ வாயை அடைச்சுக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு தூசி விடலை."

இன்ஜின் ஓடியிருந்தால், காற்றை உறிஞ்சும் டர்போ துணியையும் உள்ளே இழுத்துச் சிதறியிருக்கும். ஸ்பானர் வியர்த்துப்போய் அவசரமாக முதல் போல்ட்டைக் கழற்றப் பிடித்துத் திருகியது. அது அசையவே இல்லை.

"எந்த மடையன் இதை இவ்வளவு இறுக்கினது?" என்று கத்தியது ஸ்பானர்.

ஸ்க்ரூடிரைவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.