நாற்பத்தோரு முறை மனந்திரும்பியவர்

இந்த வருஷத்தில் மட்டும் லிஃப்ட் மெக்கானிக் நாற்பத்தோரு முறை மனந்திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும், "பாவத்தை விட்டு மனந்திரும்ப விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று பாஸ்டர் அழைப்பார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மெக்கானிக் எழுந்துவிடுவார். விறுவிறுவென்று நடந்துபோய் மேடைக்கு முன்னால் மண்டியிடுவார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர், மூன்று பேர் போவார்கள்.

முன்னால் போகிறவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் ஓர் அட்டையில் எழுதி, மாதக் கடைசியில் தலைமைச் சபைக்கு அனுப்புவது சபைச் செயலாளர் வேலை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முப்பது வருஷமாக ஒரு பெயர் விடாமல் எழுதிவருகிறார்.

தலைமைச் சபையிலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் சபையில் ஒரே பெயரில் நாற்பத்தோரு பேர் இருக்கிறார்களா?'

செயலாளருக்கு மானமே போயிற்று.

"ஒரு தடவை குளிச்சா அழுக்குப் போகாதா? திரும்பத் திரும்பக் குளிச்சா தண்ணி மேலயே சந்தேகம் வராதா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நீங்க தினமும்தானே குளிக்கிறீங்க?"

"உதாரணத்துல குறை கண்டுபிடிக்காதே."

"அப்போ எங்கிட்ட எதுக்குப் புலம்புறீங்க? அவர்கிட்டயே போய்க் கேளுங்க."

போனார்.

எட்டு மாடி அலுவலகக் கட்டடம். மெக்கானிக் அப்போதுதான் லிஃப்ட்டைச் சரிசெய்து கதவைத் திறந்துவிட்டிருந்தார். ஏற வேண்டிய பத்துப் பேர், "நீங்க போங்க", "பரவாயில்ல, நீங்க முதல்ல போங்க" என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். மெக்கானிக் தானே ஏறி எட்டாம் மாடி வரை போய்த் திரும்பி வந்தார். அடுத்த நிமிஷம் பத்துப் பேரும் முண்டியடித்து ஏறினார்கள்.

செயலாளர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டாச்சுங்கிற உறுதி, அதான் ரட்சிப்பின் நிச்சயம், உங்களுக்கு இருக்கா?"

"இருக்கு ஐயா."

"எத்தனை வருஷமா?"

"பதினாறு."

"நடுவுல ஏதாவது சந்தேகம்?"

"ஒரு நாள்கூட இல்லைங்கய்யா. என்னை மன்னிச்சவர் சொன்ன வார்த்தை மாற மாட்டார்."

"அப்போ மனந்திரும்புறதை என்ன, பொழுதுபோக்கா வெச்சிருக்கீங்களா?"

வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார். மெக்கானிக்குக் காது சிவந்துவிட்டது. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"தினமும் ஏதாவது தப்புப் பண்ணத்தான் செய்யுறேன் ஐயா. அதை வீட்டிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கலாம். ஆனா, முன்னால ஒருத்தர் போனா பின்னால வர்றவங்களுக்குக் கூச்சம் விட்டுப்போகுது. அதான்..."

"அதைப் பரிசுத்த ஆவியானவர் பார்த்துக்குவார். நீங்க உட்காருங்க."

"சரிங்கய்யா."

மெக்கானிக் உட்கார்ந்தார்.

முதல் வாரம் யாரும் முன்னால் போகவில்லை. மழைதான் காரணம் என்றார் செயலாளர். இரண்டாம் வாரமும் யாரும் போகவில்லை. பிரசங்கம் நீளம் என்றார். மூன்றாம் வாரம் அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நான்காம் வாரம் பாஸ்டர் அழைத்தார். மின்விசிறி மட்டும் சுற்றியது.

நடு வரிசையில் ஒரு நர்ஸ் இருந்தாள். சபைக்கு வர ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது. முன் பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். பக்கத்திலிருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்றைக்கு இப்படியே போனால் இனி வர மாட்டாள் என்று செயலாளருக்குத் தெரிந்துவிட்டது.

அதே வரிசையின் மறுகோடியில் இருந்த மெக்கானிக்குக்கு அவசரமாகச் சைகை காட்டினார். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். செயலாளர் மூப்பர்களைப் பார்த்தார். எல்லாரும் ரட்சிப்பின் நிச்சயம் உள்ளவர்கள். ஒருவரும் அசையவில்லை.

சரி, பேருக்கு நாமே போய் நிற்போம் என்று அட்டைகளை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து மேடை வரை முப்பது அடி தூரம் இருக்கும். முப்பது வருஷத்தில் அந்த அழைப்புக்கு அவர் ஒரு தடவைகூட நடந்ததில்லை.

நர்ஸைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவள்தான். வந்த வேலை முடிந்தது. ஆனால் இவர் திரும்பினால் அவளும் திரும்பிவிடுவாள். நடந்தார்.

இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் மெக்கானிக்கின் சிவந்த காது நினைவுக்கு வந்தது. அதற்கடுத்து, ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அக்கா. அவள் மூன்று முறை போன் செய்தும் இவர் எடுக்கவில்லை. அப்புறம் தன் தப்புகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

மண்டியிட்டார். பக்கத்தில் நர்ஸும் மண்டியிட்டாள்.

பாஸ்டர் குனிந்து அவர் காதோடு கேட்டார். "ஐயா, அந்தப் பொண்ணுக்குத் துணையாத்தானே வந்தீங்க?"

"அப்படித்தான் எழுந்தேன் பாஸ்டர். வர்ற வழியில மாறிப்போச்சு."