கழற்றிய ஆறு வயர்கள்

ஏறாவூர் ஜிப்ரி தன் பழைய லொறியின் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் துளை பெரிதாகக் கடைந்து, இரண்டு காபரேட்டர் பூட்டி, வேகத்துக்கென்றே புதுப்பித்திருந்தான். பின்னேரம் தங்கையின் கல்யாணத்துக்குப் பெண்களை ஏற்றிப்போக வேண்டும். எஞ்சினோ நொண்டியது.

எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே ஒரு பிளக் வயரை உருவினான். சத்தம் தளர்ந்திருக்க வேண்டும்; மாறாக, இன்னும் சீரானது. ஒவ்வொன்றாக ஆறையும் உருவினான். எஞ்சின் பட்டுப்போல ஓடியது. ஒன்றைத் திரும்பப் பூட்டினான். மறுபடி நொண்டியது. அதையும் உருவிக் கையில் எடுத்தான்.

"கரண்ட் போகாம எப்பிடி ஓடுது புள்ள?"

"அது சந்தோசமா ஓடுது. இனித் தொடாதீங்க," என்று வயர்களை வாங்கிக்கொண்டாள் மனைவி அஸீமா. "ஏறுங்க, நேரமாகுது."

வாவியோரம் லொறி எல்லா வாகனங்களையும் முந்திப் பறந்தது. பின்னால் பெண்கள் குரவையிட்டார்கள். அஸீமாவின் மடியில் ஆறு வயர்களும் கைக்குழந்தையின் கால்களைப்போல இளஞ்சூடாக, ஒவ்வொரு குரவைக்கும் மெல்ல உதைத்தன.