ஜனனியின் கார்பன் குச்சி

"மன்னிப்புக் கேட்டுரும்மா. இல்லேன்னா உன் கார்பன் எலக்ட்ரோடு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துடு."

பேராசிரியர் மகுடேஸ்வரன் இதைச் சொன்னபோது, எதிர் நாற்காலியில் சாயப்பட்டறை முதலாளி வெள்ளியங்கிரி உட்கார்ந்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் வருஷா வருஷம் ப்ராஜெக்ட் செய்வது அவர் பட்டறையில்தான். அவரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆராய்ச்சி மாணவி ஜனனிக்கு அழுகை முட்டியது. எழுதிக் கொடுத்தால் நாலு வருஷ உழைப்பு அம்போ!

எல்லாம் ஒரு பாட்டில் தண்ணீரால் வந்த வினை. 'பட்டறையில் சுத்திகரித்தது' என்று சீட்டு ஒட்டி, வெள்ளியங்கிரியே காலையில் கொண்டுவந்து கொடுத்தார். ரிப்போர்ட்டை, துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பவேண்டுமாம். ஜனனியின் கார்பன் குச்சியோ, அதில் சாயம் இருக்கிறது என்று காட்டிவிட்டது.

"பென்சிலாட்டம் ஒரு குச்சி! இது என் தண்ணியக் குத்தம் சொல்லுதுங்களா?"

"குச்சி மேல ஒரு படலம் இருக்குதுங்க. ஒரே ஒரு மூலக்கூறு தடிமன்தான். தண்ணியில சாயம் இருந்தா, அந்தப் படலத்தைத் தாண்டி எலக்ட்ரான் ஓடும். மீட்டர்ல கரண்டு காட்டும்ங்க."

"படலம் தடிச்சுப்போயிருந்தா?" பேராசிரியர் தப்பிக்க வழி தேடினார்.

"அப்ப எலக்ட்ரான் தாண்டாதுங்க சார். இருக்கற சாயத்தைக் குறைச்சுத்தான் காட்டும். நல்ல தண்ணியிலயும் முக்கிப் பார்த்துட்டேன், ஒண்ணுமே காட்டலை. மூணு குச்சி மாத்தியாச்சு. நான் எழுதித் தரமாட்டேன் சார்."

வெள்ளியங்கிரிக்குப் பொறுமை போய்விட்டது. மேஜையை ஓங்கித் தட்டினார்.

"உங்க குச்சி பச்சைப் பொய் சொல்லுதுங்க! அது பட்டறைத் தண்ணியே இல்லீங்க. எதுக்கு வம்புன்னு, பட்டறையை ஒட்டுன எங்க தோட்டத்துக் கெணத்துல நானே மொண்டு கொண்டாந்தேன். எங்க ஊட்டுல எல்லாரும் அதைத்தான் குடிக்கறோம்!"



தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிப்போனது. செல்போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"சாரதாமணி, பேத்திக்குப் பால் பவுடர் கலக்கிட்டயா? கொட்டீரு... நம்ம கெணத்துத் தண்ணி இனி வேண்டாம்."