ஓவசியரின் பீரங்கிகள்

பக்கத்துக் காணி ஓவசியர் பரஞ்சோதிக்கு விசர் என்பதில் கதிரேசருக்குச் சந்தேகமே இல்லை. விசுவமடுவில் எல்லாரும் மாடு வாங்க, அந்த மனிதர் நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பீரங்கிகளைப் படத்தில் பார்த்து, ஆசாரியாரைக் கொண்டு அச்சொட்டாகச் செய்வித்துச் சேர்த்தார். வருடத்துக்கு ஒன்றாக, சில்லு வைத்த பீரங்கிகள் எல்லை வேலியோரம் வரிசையாக நின்றன.

வேலியடைக்கும் காலத்தில் ஓவசியர் தயங்கித் தயங்கி வருவார்.

"அண்ணை, புதுசின்ரை குழல் நீண்டு போச்சு. வேலியை உங்கடை பக்கம் ஒரு முழம் தள்ளி அடைக்கட்டே?"

"அடையுங்கோ," என்று சிரித்துவிட்டுக் கதிரேசர் வயலுக்குப் போய்விடுவார். விசரனோடு யார் வேலிச் சண்டை பிடிப்பது?

ஆறாம் வருடம் வந்தது பெரிய பீரங்கி. ஓவசியர் மூன்று முழம் கேட்டார். கதிரேசர் அதற்கும் சிரித்தார்.

அன்று வயலால் திரும்பியபோது மனைவி யோகம்மா வெறும் வாளியோடு குசினி வாசலில் நின்றாள்.

"கால் கழுவத் தண்ணி எங்கையப்பா?"

"ஓவசியரிட்டைக் கேளுங்கோ. எங்கடை கிணறு வேலிக்கு அங்காலை போயிட்டுது."

வேலிக்கு மேலால் ஓவசியரின் குரல் கேட்டது.

"கூச்சப்படாமல் வந்து அள்ளுங்கோ அண்ணை. உங்கடை கிணறு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ."