தொட்டவர்

மனைவி ஆவூரை அடக்கம் செய்ய, மொம்பாசாவிலிருந்து இரவு முழுக்கப் பேருந்தில் அசையாமல் உட்கார்ந்து ஊருக்கு வந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் இடது கால் மட்டும் தூண் மாதிரி வீங்கிவிட்டது.

"செத்தவ உன் காலைப் பிடிச்சு இழுக்கிறாடா ஒடேரா," என்றார் பெரியப்பா.

இழுத்தால் போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அண்ணன் சூடான எண்ணெயோடு வந்தான். "நல்லா அழுத்தித் தேய்ச்சா வடிஞ்சிரும்."

"தேய்க்காதே!"

வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருவர் எழுந்து வந்து எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். மண்டியிட்டு என் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். வீடே திகைத்துப்போனது.

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உனக்கு? அவனைப் போய்த் தொடுறியே!" பெரியப்பா கத்தினார்.

"வெக்கத்தை அப்புறம் பாக்கலாம். ஒத்தைக் கால் வீங்கி, சுடுது. உள்ள ரத்தம் கட்டியிருக்கும். தேய்ச்சா அது நகர்ந்து நெஞ்சை அடைச்சிரும். வண்டியக் கூப்பிடுங்க!"

"நீ என்ன டாக்டரா?"

"பிள்ளை பெத்ததும் ஆவூருக்கும் இப்படித்தான் வீங்குச்சு. நான்தான் தேய்ச்சேன். அவ போன பிறகுதான் டாக்டர் சொன்னாரு. பிள்ளைக்கு அப்பனாவது மிஞ்சட்டும்."

எங்கள் லுவோ மக்களில் மாமியாரும் மருமகனும் கைகூடக் கொடுத்துக்கொள்வதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஆவூரின் அம்மா என்னிடம் தள்ளி நின்றே பேசியவர்.

கிசுமு மருத்துவமனை வரை என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.