நாலாவது பேர்

"ஆளு யார்னு மட்டும் காட்டு நைனா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சொல்லிக்கொண்டே அங்கம்மா அரிவாள்மணையில் சங்கரா மீனின் தலையைத் தனியாக எடுத்தாள். ஸ்டூல் மேல் ஏறி நின்று வைஃபை பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த திருமுருகன், அந்தச் சத்தத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"ஒயரு லூசா கீதுமா, அவ்ளோதான். இதுக்கா கம்பெனிக்கு மூணு தபா போன் போட்டீங்க, நான்தான் வரணும்னு? எண்ணூர்லேந்து தண்டையார்பேட்ட வரைக்கும் ஒத்த ஆளு நானு. நாள் பூரா அந்த ரோட்லயே ஓடிக்கினு கீறேன்."

"போன வாரம் வாசலோட நின்னு டக்குனு சரி பண்ணிட்டுப் போனியே. அதான் உன்ன இஸ்தேன்."

வாசற்படி ஓரமாக உட்கார்ந்திருந்த மகள் ஜெயஸ்ரீ, கையிலிருந்த போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"ஒயரு இல்ல நைனா விசயம். எவனோ ஒரு திருட்டுப் பையன் எங்க லைன்ல பூந்துட்டான். போன வாரம் இவதான் பாத்தா. அதுலேந்து நான் கண்ண மூடல."

திருமுருகன் சிரித்துவிட்டான். திருவொற்றியூர் குப்பத்தில் தண்ணிக்குச் சண்டை பார்த்திருக்கிறான், வலை காயப்போடும் இடத்துக்குச் சண்டை பார்த்திருக்கிறான். வைஃபைக்குத் தூக்கம் கெட்டவளை இப்போதுதான் பார்க்கிறான்.

"சரி, ஆளு மாட்டுனா இன்னா பண்ணுவ?"

"எடுத்த கைய எடுத்துடுவேன்."

அவள் குரல் உயரவில்லை. அடுத்த மீனை எடுத்து வைத்தாள். இந்த ஒரு வாரமாக அவளுக்கு வேண்டியது அந்தத் திருடன் மட்டும்தான். மகள் சொல்லிக் கேட்டது போதாது. தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

திருமுருகன் ஜெயஸ்ரீயின் போனை வாங்கினான். பெட்டியில் சேரும் போன்களின் பேரெல்லாம் அதில் வரிசையாக இருந்தது.

"நாலு பேருதான் கீது. அம்மா, ஜெயா, டிவி, அர்ஜுன். இதுல எவன் திருடன்? அர்ஜுன் யாரு?"

"என் பெரிய புள்ள. அவன்தான் பேரெல்லாம் போட்டு வச்சான்."

"அவன் பேரு மங்கலா கீது. ஆளு வூட்ல இல்லியா?"

"எட்டு மாசமாச்சு."

"கப்பல்ல போய்ட்டானா?"

அங்கம்மா செதில் சுரண்டினாள். சுவரில், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெற்று ஆணி. அதில் காய்ந்த பூச்சரத்தின் நார் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. திருமுருகன் அதன் மேல்தான் தன் டார்ச்சை மாட்டியிருந்தான்.

"ஏன் நைனா, திருடன் சிம்ம மாத்திக்கினு வந்தா பெட்டி ஏமாந்துடுமா?"

"அதெப்டி? கடலுக்குப் போற உங்க போட்டுக்கு நம்பர் கீது இல்ல, அதுமாரி ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் கீது. போட்டுக்கு பெயிண்ட மாத்து, பேர மாத்து, நம்பர் மாறுமா? அதான் இங்கயும். சிம்ம மாத்தட்டும், உள்ள கீறதெல்லாம் அழிக்கட்டும், பெட்டி அந்த நம்பர வச்சு ஆளக் கண்டுபுட்ச்சிடும். ஒரு தபா இன்னா பேரு போட்டியோ அதே பேருலதான் காட்டும்."

"அப்போ தப்பிக்க முடியாதுன்ற."

"சான்ஸே இல்ல."

ஒயரை அழுத்திச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டூலிலிருந்து குதித்தவன், மகளிடம் அவள் போனைக் கொடுத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து வைஃபையில் சேர்த்தான். எந்த வீட்டில் வேலை முடிந்தாலும், தன் போனில் நெட் வேகத்தைக் காட்டிவிட்டுக் கிளம்புவதுதான் அவன் வழக்கம்.

"பாத்துக்கோ, நூறு வருது. இனிமே பேஜார் இல்ல."

"போனு சோக்கா கீதே. எவன்கிட்டனா கைமாத்தி வாங்கினியா?"

"நானா? இன்னொருத்தன் தொட்டத நான் தொட மாட்டேன்மா. கடையில பெட்டியோட வாங்குனது. ரெண்டு வருசமா இதேதான்."

"நடுவுல வேற கை படல?"

"படவே இல்ல. என்னாத்துக்கு இவ்ளோ கேக்கற?"

பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திய ஜெயஸ்ரீ, தன் போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அங்கம்மா உதடு அசைய, ஒவ்வொரு பேராகப் படித்தாள்.

நாலாவது பேர் இப்போது மங்கலாக இல்லை. அர்ஜுன் என்று பச்சையில் பளிச்சென்று எரிந்தது.

அதை எட்டிப் பார்த்த திருமுருகன், தன் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"ஒயர நான்தான் உருவி வுட்டேன்" என்றபடி அங்கம்மா எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். ஆணியிலிருந்த டார்ச்சைக் கழற்றிவிட்டு அதில் மாட்டினாள். மாலை போட்ட படம். மீசை அரும்பிய முகம்.

"எண்ணூர் ரோட்ல லாரி அடிச்சிட்டுப் போய்ட்ச்சி" என்றாள் ஜெயஸ்ரீ. "விடிய விடியக் கெடந்தான் எங்கண்ணன். அவன் போனு மட்டும் அங்க இல்ல."

திருமுருகனின் முதுகு கதவில் போய் முட்டியது. அங்கம்மா அவனுக்கு வெகு அருகில் வந்து நின்று, கேட்கக் கூடாததைக் கேட்பவள் போல மெதுவாகக் கேட்டாள்.

"நீ அவன் போன உருவுனப்போ, எம் புள்ளைக்கு உசுரு இருந்துச்சா நைனா?"