நிச்சயதார்த்தக் காப்பி

மதிவதனியின் நிச்சயதார்த்தத்தில் இருந்தவர்கள் மதிவதனி, அவள் அம்மா தெய்வானை, பெரியப்பா சங்கிலிவேல், மாப்பிள்ளையைப் பெற்ற குற்றாலநாதன், அவர் மனைவி பூரணம்.

சங்கிலிவேல் முதுகில் புது மருந்துப் பட்டை ஒட்டியிருந்தார். அது தண்டுவடத்தில் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்துவிடும்; சூடு பட்டாலும் கை தானாக வெடுக்கென்று விலகாது. சபையில் துள்ளுவது குடும்பத்துக்கு இழுக்கு என்பது அவர் கட்சி. குற்றாலநாதனும் ஒன்று ஒட்டியிருந்தார்.

தெய்வானை இருவருக்கும் வெள்ளித் தம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி கொடுத்தாள். விரல் வெந்தது. இனி யோசித்து முடிவெடுத்துத்தான் தம்ளரை வைக்க வேண்டும். சம்பந்திக்கு முன்னால் முடிவெடுக்கச் சங்கிலிவேலுக்கு மனம் வரவில்லை.

“சூடு போதுமா, சம்பந்தி?” என்று கேட்டார் சங்கிலிவேல்.

“எங்க வீட்ல இத பச்சத்தண்ணின்னுல்லா சொல்லுவோம்!” குற்றாலநாதனின் கண்ணில் நீர் முட்டியது.

“பெரியப்பா, தோல் உரியுது! கீழ வைங்க!”

“மொதல்ல அவரு வைக்கட்டும்மா.”

மதிவதனி முந்தானையால் இரண்டு தம்ளர்களையும் பிடுங்கினாள். கொப்புளித்த கைகளால் ஆண்கள் இருவருக்கும் தாம்பூலத் தட்டைத் தொடக்கூட முடியவில்லை.

“நல்ல நேரம் முடியப்போவுது. நாம மாத்திக்கிடுவோம், மைனி” என்றாள் பூரணம். பெண்கள் இருவரும் தட்டு மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்தார்கள்.

பெரியவர்கள் இருவரும் கையில் துணிக்கட்டோடு வெளியே வந்ததைப் பார்த்து, சம்பந்திகள் அடித்துக்கொண்டதாகத் தெருவில் பேசுகிறார்கள். அது தவறு. காப்பி கொடுத்தார்கள்; இருவரும் வாங்கிக்கொண்டார்கள்.